கோலாரிபெட்டாவா, மீசைப்புலிமலையா, அகத்தியர்கூடமா? வழிகாட்டியுடன் செல்லும் முகட்டு நடைகள்: ஓர் ஒப்பீடு

கார்த்திகை மழை ஓய்ந்து வானம் வெளுக்கத் தொடங்கியதும் ஒரே கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்துசேர்கிறது. இம்முறை அதைத் தெளிவாகக் கேட்டவர் மதுரைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர். ஐம்பத்திரண்டு வயதான அவரும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் கணவரும், கல்லூரியில் படிக்கும் மகனும் மலைமுகட்டில் ஒரு நாளாவது நடந்துவிட வேண்டும் என்று விரும்புகிறார்கள். மகன் அகத்தியர்கூடம் என்கிறான். கணவர் மூணாறுப் பக்கம் மீசைப்புலிமலை என்கிறார். ஆசிரியைக்கு நீலகிரியின் கோலாரிபெட்டாமேல் கண். "மூன்றில் எது நல்லது?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

காட்சியை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகளில் எங்கே போனாலும், பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக, ஏறத்தாழ ஒரே நிலம்தான் விரிந்து கிடக்கிறது. நல்ல நாள் வாய்த்தால் எல்லாமே அழகு, மேகம் மூடினால் எல்லாமே வெள்ளை. ஆகவே வேறு அளவுகோல்கள் வேண்டும். பத்திருபது முறை பல குழுக்களோடு ஏறி இறங்கியதில் எனக்குத் தோன்றியது இதுதான்: பெரும்பாலோர் உச்சியின் உயரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், இறங்கும்போதுதான் அந்தத் தேர்வுக்காக வருந்துகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

இறக்கம். ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் நின்றால் மூச்சு திரும்பிவிடும். இறக்கமோ முழங்காலையும் தொடையின் முன்தசையையும் கால் பெருவிரல் நகத்தையும் வாங்கும். அவை நின்றாலும் திரும்புவதில்லை. நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த எளிய விதி இன்றும் உதவுகிறது: சமதூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். 14 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள வழியென்றால் இரண்டு மணி ஐம்பது நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து நான்கே கால் மணிக்குச் சற்று மேல் வரும். அது நடந்து பழகியவர்களின் கணக்கு. வாரம் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு அதை ஒன்றரையால் பெருக்கி, சாப்பாட்டுக்கும் புகைப்படத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். அந்தக் கூட்டுத்தொகை மாலை நான்கு மணியைத் தாண்டினால் அந்த வழி உங்களுக்கு உரியதன்று.

திரும்பும் முடிவு யார் கையில். வழிகாட்டி என்றால் வழி காட்டுபவர் என்று மட்டும் பொருள்கொள்வது போதாது. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லவும், சொன்னதைக் குழு கேட்கும்படி செய்யவும் அதிகாரம் உள்ளவரா அவர் என்பதே முதன்மை. உங்கள் கட்டணத்தில் நேரடியாகப் பிழைப்பவருக்கு அந்தச் சொல் வாயில் வராது. வனத்துறையின் சார்பில் வருபவருக்கு எளிதாக வரும்.

பருவம். இந்த முகடுகள் இரண்டு பருவமழைகளையும் வாங்குகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை அடிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை நனைக்கிறது. முகட்டில் நடப்பவருக்கு இரண்டிலும் பங்கு உண்டு. மழை போனால் புல் காய்கிறது, பிப்ரவரி நடுவில் தீக்காலம் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடியும் மின்னலும் சேர்ந்துகொள்கின்றன. மொட்டைப் புல்வெளியில் உயரமாக நிற்கும் பொருள் அப்போது நாம்தான். எல்லாவற்றையும் கழித்துவிட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை ஏழெட்டு வாரங்களே நம்பகமானவை. எல்லாருக்கும் வேண்டியதும் அதே வாரங்கள்தாம்.

மறைந்திருக்கும் செலவு. கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால் தொகைகளை இங்கே எழுதவில்லை. அவற்றை முன்பதிவுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே தெரியாதவற்றைத்தான் கீழே ஒவ்வொன்றிலும் சொல்ல முயன்றிருக்கிறேன். எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடலாம்: உங்கள் விபத்துக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள். கிளம்பும் முன்னர் அதைப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இடர் வந்தால் வெளியேறும் வழி எவ்வளவு தொலைவு என்பது ஐந்தாவது அளவுகோல். அதை விளக்க வேண்டியதில்லை: ஒருவர் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் ஜீப் வரக்கூடிய இடத்துக்கு அவரை எத்தனை மணி நேரம் தூக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், போதும்.

| | கோலாரிபெட்டா | மீசைப்புலிமலை | அகத்தியர்கூடம் | கொழுக்குமலை |
|---|---|---|---|---|
| இருப்பிடம் | நீலகிரி, அவலாஞ்சிப் பக்கம் | இடுக்கி, மூணாறுப் பக்கம் | பொதிகை மலை, திருவனந்தபுரம் வழி | தேனி மாவட்டம், சூரியநெல்லி வழி |
| உயரம் | 2,600 மீட்டருக்கு மேல் | 2,640 மீட்டர் | 1,868 மீட்டர் | ஏறத்தாழ 7,000 அடி |
| ஏற்பாடு | தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டம் | கேரள வனவளர்ச்சிக் கழகம் | கேரள வனத்துறை | உள்ளூர் ஜீப்புகள் |
| நாட்கள் | ஒரு நாள் | ஓர் இரவும் மறுநாளும் | மூன்று நாள் | அரை நாள் |
| நடை | நீண்ட பகல் நடை | ஏறி இறங்கி ஏறும் முகடு | காட்டு வழி, கடைசியில் கயிறு பிடிக்கும் பாறை | மிகக் குறைவு |
| பெரிய இடைஞ்சல் | அதிகாலைப் பயணம், குளிர் | ஜீப்பும் தங்கலும் சேர்ந்த செலவு | இடம் கிடைப்பது | கூட்டம் |

## கோலாரிபெட்டா: அரசு திட்டத்தில் ஒரு பகல்

தமிழ்நாடு வனத்துறையின் இணையவழி மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழிகளோடு தொடங்கப்பட்டது. வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்; அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா செல்லும் வழி கடின வகையைச் சேர்ந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், குறிப்பாக மலைக்கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்கள், வழிகாட்டிகளாக வருகிறார்கள். நம் கட்டணத்தின் ஒரு பங்கு அந்த ஊருக்கே போகிறது என்பதோடு, திரும்பும் முடிவு அவர்களிடம் இருக்கிறது என்பதும் இத்திட்டத்தின் வலிமை.

அந்த முடிவின் அருமையை நானே சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அவலாஞ்சிப் பக்கத்து நடை ஒன்றில், முகட்டின் தோளை எட்டியபோது மேகம் ஏறி வந்து நாலடி தூரத்துப் புல்லை மறைத்தது. வழிகாட்டி எங்களைச் சரிவுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு எழுந்து, திரும்பலாம் என்றார். இரவெல்லாம் பேருந்தில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் முகம் சுளித்தேன். அடிவாரத்துக்கு வருவதற்குள் வானம் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது, முணுமுணுப்பு வாக்குவாதமாக வளர்ந்தது. தேநீர் குடிக்கும்போது தனியாக அவரைக் கேட்டேன். "மேகம் விலகும்னு எனக்கும் தெரியும் சார். அந்தப் பெரியவரைப் பார்த்தீங்களா? ஏறும்போதே ரெண்டு காலையும் ஒரே கல்லுல சேர்த்து வெச்சு வெச்சுத்தான் ஏறினாரு. உச்சிக்குப் போயிருந்தா அவரு இறங்க இருட்டிப்போயிருக்கும்" என்றார். மேகத்தைக் காரணமாகச் சொன்னது அந்தப் பெரியவரின் மரியாதைக்காக. அந்தப் பெரியவர் என் குழுவைச் சேர்ந்தவர். அவர் கால் வைத்த விதத்தை நான் கவனித்திருக்கவில்லை.

இறக்கம் என்ற அளவுகோலில் கோலாரிபெட்டா நடுத்தரம். செங்குத்துச் சரிவுகளைவிட நீண்ட, அலையலையான புல்வெளிச் சரிவுகளே மிகுதி. ஆனால் போன தூரமெல்லாம் அதே நாளில் திரும்ப வேண்டும், இடையில் தங்க இடம் இல்லை. முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டிய நிலம் என்பதால் வரையாடுகளைக் காணும் வாய்ப்பு உண்டு, வாக்குறுதி இல்லை.

பருவத்தைப் பொறுத்தவரை அவலாஞ்சி கண்டிப்பான இடம். 2019 ஆகஸ்ட் 8-இல் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவான ஊர் அது. ஊரின் பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்த ஒரு பெரும் நிலச்சரிவிலிருந்து வந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் மழை இல்லாவிட்டாலும் உறைபனி உண்டு. சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில், மேட்டுப்பாளையத்தில் பகல் 32 பாகையாக இருக்கும் நாளில் முகட்டில் 17 இருக்கும். காற்று வீசினால் உடம்பு அதை இன்னும் குறைவாகவே உணரும். அதிகாலைக் குளிரைச் சொல்லவே வேண்டியதில்லை. தீக்காலத்தில் இத்திட்டமே நிறுத்தப்படுகிறது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லா வழிகளும் மூடப்பட்டிருந்தன.

மறைந்த செலவுகள் மூன்று. நடை காலையிலேயே தொடங்குவதால் முந்தைய இரவு ஊட்டியில் தங்கியாக வேண்டும். விழாக்காலத்தில் அந்த அறை வாடகை மலையேற்றக் கட்டணத்தை மிஞ்சும். ஊட்டியிலிருந்து அவலாஞ்சிக்கு அதிகாலையில் பேருந்தை நம்ப முடியாது, வாடகை வண்டி பிடிக்க வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லாத சீட்டுதான், ஆனால் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு செல்பேசியில் அதை எடுக்க முயல்வது ஒரு மணி நேரத்தை விழுங்கும்.

இதே திட்டத்தில் கொடைக்கானலின் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி செல்லும் வழியைப் பலரும் எளிதென்று எண்ணிப் பதிவு செய்கிறார்கள். சாலையே இல்லாத அந்த மலைக்கிராமத்தில் ஊருக்குள் செருப்பணிவதில்லை என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் அது தலைகீழான நடை. காலையில் தெம்பாக இருக்கும்போது இறங்குகிறோம், போன வழியே திரும்பினால் வெயிலேறிக் களைத்த பிறகு ஏற வேண்டும். இறங்கும்போது யாருக்கும் அது உறைப்பதில்லை.

எவருக்கு ஏற்றது: ஒரு நாள் விடுப்புதான் உண்டு, ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து நடக்க முடியும், குளிருக்கு உடுத்தத் தெரியும் என்பவர்களுக்கு.

## மீசைப்புலிமலை: மலையிலேயே ஓர் இரவு

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். அதன்மேல் ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு அடுத்த உயரம் மீசைப்புலிமலை. இரண்டுக்கும் வேறுபாடு ஐம்பத்தைந்து மீட்டர்தான். ஆனைமுடியில் ஏற முடியாது என்பதால், நடந்தே ஏறக்கூடிய முகடுகளில் இதுவே தலையானது. கேரள வனவளர்ச்சிக் கழகம் தங்கலையும் வழிகாட்டியையும் சேர்த்து ஒரே தொகுப்பாக நடத்துகிறது. முதல் நாள் மூணாற்றிலிருந்து ஜீப்பில் மேலே போய், கூடாரத்திலோ மலைவிடுதியிலோ தங்கி, மறுநாள் காலை வழிகாட்டியோடு நடக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன் இரவுத் தங்கலில் இருக்கிறது. தொடங்கும் இடமே நல்ல உயரத்தில் இருப்பதால் காலையில் தூக்கம் கெட்டு வண்டியேற வேண்டியதில்லை. உடம்பு குளிருக்கு ஓர் இரவு பழகியிருக்கும். முழுப் பகலும் நடைக்கே கிடைக்கும். வயதானவர்களோ மருந்து சாப்பிடுபவர்களோ குழுவில் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே கூடுதல் செலவை நான் நியாயப்படுத்துவேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு நீண்ட நடையில் சர்க்கரை ஏறுவதைவிட இறங்கிப்போவதே அஞ்ச வேண்டியது. சாப்பாட்டு நேரம் கலையாத நடை அவருக்குப் பாதுகாப்பானது. அன்றைய மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, கடலைமிட்டாயைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். பையின் அடியில் இருந்து பயனில்லை.

வழி ஒரே நெடிய ஏற்றமாக இருக்காது. ஒரு மொட்டை மலையில் ஏறி, தாழ்ந்து, அடுத்ததில் ஏறி, மீண்டும் தாழ்ந்து என்று பல மேடுகளைக் கடந்த பிறகே உச்சி வரும். இடையில் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடெண்ட்ரான் மரங்கள் நிற்கும் பள்ளம் வருகிறது. பனிக்காலம் முடியும் வாரங்களில் அவற்றின் சிவப்புப் பூக்களைப் பார்க்கலாம். முழங்காலுக்கு இந்த அமைப்பு நல்லது, ஏனென்றால் இறக்கம் துண்டு துண்டாக வருகிறது. மனத்துக்கு அவ்வளவு நல்லதன்று. உச்சியைத் தொட்டு விட்டோம், இனி இறக்கம்தானே என்று திரும்புகிறவர், போகும்போது இறங்கிய ஒவ்வொரு பள்ளத்தையும் வரும்போது ஏற வேண்டியிருப்பதைக் கண்டு சோர்ந்துவிடுகிறார். உச்சியின் உயரத்திலிருந்து தங்குமிடத்தின் உயரத்தைக் கழித்து வரும் எண்ணை நம்பி நைஸ்மித் கணக்குப் போட்டால் இங்கே தவறிவிடும். இடைப்பட்ட ஏற்றங்களையெல்லாம் கூட்ட வேண்டும்.

குறிஞ்சிக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு சொல்: நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூக்கிறது, 2006, 2018 என்ற வரிசையில் அடுத்தது 2030. இடையில் யாராவது குறிஞ்சி பூத்திருக்கிறது என்று சொன்னால் அது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் வேறு இனமாகவோ சிதறிப் பூத்த செடியாகவோ இருக்கும்.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுப் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மீது மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோனது. போனவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்த மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

செலவில் மறைந்திருப்பது ஜீப். தங்கல் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று பதிவு செய்பவர்கள், மூணாற்றிலிருந்து மேலே போய்வர ஜீப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா, அது ஆளுக்கா வண்டிக்கா என்று கேட்பதில்லை. மூன்று பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் வண்டிக்கு ஒரே வாடகை என்றால், மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கனக்கும். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: 2023 ஜூன் முதல் சென்னை ரயில் போடிநாயக்கனூர் வரை வருகிறது, அங்கிருந்து போடிமெட்டு ஏறினால் மூணாறு. ஜீப் ஓட்டுபவர்களும் தேநீர்க்கடைக்காரர்களும் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் என்பதால் வானிலையை நம் மொழியிலேயே கேட்டறியலாம். இது சின்ன வசதி அன்று.

எவருக்கு ஏற்றது: இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, வயது கலந்த குழுக்களுக்கு, சரியான பொருளில் முகட்டின்மீதே நடக்க விரும்புபவர்களுக்கு.

## அகத்தியர்கூடம்: மூன்று நாள், ஒரு பாறை

கண்டிப்பாகப் பார்த்தால் இதை முகட்டு நடை என்பதைவிடக் காட்டு நடை என்பதே பொருந்தும். தமிழருக்குப் பொதிகை, தாமிரபரணி பிறக்கும் மலை. ஆனாலும் இப்போது உச்சிக்குச் செல்லும் முறையான வழி கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து தொடங்குகிறது. முதல் நாள் முழுதும் காட்டுக்குள் நடந்து அதிருமலை முகாமை அடைந்து, இரண்டாம் நாள் பொங்காலைப்பாறையைக் கடந்து உச்சி ஏறி முகாமுக்குத் திரும்பி, மூன்றாம் நாள் இறங்க வேண்டும். உச்சிக்கு முந்தைய செங்குத்துப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். அதே கயிற்றைப் பிடித்து, முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து, காலால் துழாவி இறங்க வேண்டும். பாறை நனைந்திருந்தால் வழிகாட்டிகள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், சரிதான். 1,868 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்து மீசைப்புலிமலையைவிட இது எளிது என்று முடிவு செய்தவர்களை நான் அறிவேன். உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதன் பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வழிகாட்டிகள் என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. காணிக்காரர்கள் இந்தக் காட்டின் குடிகள். 1987-இல் தாவரவியலறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இம்மலையில் ஏறியபோது, அறிஞர்கள் களைத்து உட்கார, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றபடி சோர்வின்றி நடந்தார்கள். வற்புறுத்திக் கேட்டபின் காட்டிய அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. பழங்குடி அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த முன்னோடி ஏற்பாடாக அது உலகெங்கும் பேசப்படுகிறது. அந்த மக்களின் பின்னால் மூன்று நாள் நடப்பதே போவதற்குப் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, உச்சி கிடைக்காவிட்டாலும்.

தடைகள் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியை ஒட்டிச் சில வாரங்களே வழி திறக்கிறது. இணையவழி முன்பதிவில் நல்ல தேதிகள் பறந்துவிடுகின்றன. மருத்துவச் சான்று வேண்டும். நெகிழிப் பொருள்களைக் கொண்டுபோக முடியாது. முன்பு பெண்களை உச்சிக்கு அனுமதிப்பதில்லை; 2018-இல் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரி முதல் அந்தத் தடை நீங்கியது. மறைந்த செலவு பணத்தைவிட நாட்களில் இருக்கிறது: மூன்று நாள் நடைக்கு முன்னொரு நாளும் பின்னொரு நாளும் சேர்த்து ஐந்து நாள் விடுப்பு. இரண்டாம் நாள் யாருக்காவது இயலாமல் போனால் முகாமில் தங்கலாமே தவிர, வண்டி வரும் இடம் ஒரு பகல் தொலைவில் இருக்கிறது.

எவருக்கு ஏற்றது: முன்பே இரண்டு மூன்று நீண்ட நடைகளை முடித்தவர்களுக்கு, உச்சி கிடைக்காவிட்டாலும் வருந்தாதவர்களுக்கு.

## கொழுக்குமலை: நடக்க முடியாதவர்களுக்கு

இதை ஒப்பீட்டில் சேர்ப்பதற்குக் காரணம், பலர் கேட்பதுதான். தேனி மாவட்டத்தில் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். விடியலுக்கு முன் ஜீப்பில் குலுங்கி ஏறி, மேகக்கடலுக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, பழைய தொழிற்சாலையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். நடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் சிறு குழந்தை உள்ளவர்களுக்கும் முகட்டுக் காட்சியைக் காட்ட இதுவே வழி. ஆனால் முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த ஜீப் ஒரு மணி நேரம் போதும், ஒரு வாரத்துக்கு வேலை வைக்கும்.

## "அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்"

ஐந்தாவதாக ஒரு வழியும் எப்போதும் முன்வைக்கப்படுகிறது. அரசுத் தொகுப்பைவிடக் குறைந்த விலை, கொழுக்குமலையிலிருந்து மீசைப்புலிமலைக்கோ குரங்கணிக்கோ குறுக்கே கூட்டிப்போகிறோம், அனுமதி பற்றிக் கவலை வேண்டாம் என்ற பேச்சு. இதற்கு நான் இரண்டு பக்கமும் பார்த்து எடைபோடப் போவதில்லை.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள்; இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இருபதுகளில் இருந்த இளையோர். காய்ந்த புல் ஆளுயரம் நிற்கும் சரிவு அது. சரிவு பத்துப் பாகை கூடும்போது மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. அப்படிப்பட்ட சரிவில் மேலே ஓடுகிறவரைத் தீ எட்டிப் பிடித்துவிடும். எந்தச் சரிவில் தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கிறது, எந்தப் பாறைத்தட்டில் புல் இல்லை, அன்று காலை கீழே எங்கே புகை தெரிந்தது என்பதெல்லாம் வனக்காவலரிடமிருந்து வழிகாட்டிக்கு வந்துசேரும் செய்திகள். அனுமதிச் சீட்டு என்பது அந்தச் செய்தி வரும் கம்பி. அதை அறுத்துக்கொண்டு போகிறவருக்கு மலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர் அங்கே இருக்கிறார் என்று கீழே இருப்பவர்களுக்கும் தெரியாது. அந்த நிகழ்வுக்குப் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, இன்றைய திட்டமும் அதன் தொடர்ச்சிதான்.

ஒரு குழு உங்களை அழைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அனுமதிச் சீட்டில் என் பெயர் இருக்குமா? அதில் எழுதிய வழியும் நாம் போகும் வழியும் ஒன்றா? வழிகாட்டி எந்த ஊர்க்காரர்? மூன்றாவதற்கு, எங்கள் தலைவருக்கு எல்லா மலையும் அத்துப்படி என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## ஆசிரியையின் குடும்பத்துக்கு

மூவரும் சேர்ந்து போவதென்றால் மீசைப்புலிமலை. செலவில் அது கோலாரிபெட்டாவைவிடக் கூடும்; ஆனால் மாத்திரை சாப்பிடுபவரை நள்ளிரவில் எழுப்பி, மலைப்பாதையில் வண்டியேற்றி, காலைச் சாப்பாட்டைக் கலைத்து, அதே நாளில் முழு நடையையும் முடிக்கச் சொல்வதைவிட அந்தக் கூடுதல் தொகை மலிவு. களைத்தால் பாதி மேட்டில் நின்றுவிடவும் அந்த வழியில் இடமுண்டு. தனித்தனியாகப் போக மனமிருந்தால், ஆசிரியை மட்டும் ஒரு தோழியோடு கோலாரிபெட்டா போகலாம். மகன் அகத்தியர்கூடத்தைக் கைவிட வேண்டியதில்லை; அடுத்த ஆண்டு தன் வயது நண்பர்களோடு போகட்டும். இந்த ஆண்டு பெற்றோரோடு நடந்தால், மெதுவாக நடக்கவும் கற்றுக்கொள்வான்; மூன்று நாள் காட்டு நடைக்கு வேகத்தைவிட அது உதவும்.

பதிவு செய்யும் முன் ஒரு சோதனை. வருகிற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து சோலைமலை வழியாக நூபுர கங்கை வரை நடந்து ஏறி, பேருந்தைப் பிடிக்காமல் நடந்தே இறங்குங்கள். மலைக்கு அணியப்போகும் அதே காலணி, முதுகில் அதே பை, இரண்டு லிட்டர் தண்ணீர். ஏறும் நேரத்தைக் குறிக்க வேண்டாம், இறங்கும் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். மூன்றாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை, பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்க முடிந்தால் தை மாதத்தில் ஒரு வார நாளைப் பாருங்கள். கை தானாகக் கைப்பிடிக்குப் போனால் இந்த ஆண்டுக்குக் கொழுக்குமலை ஜீப்பைப் பேசிவிட்டு, மீசைப்புலிமலையை அடுத்த மார்கழிக்குத் தள்ளிவையுங்கள்.